ஒற்றை விசிலுடன் ஒரு லாக்ராஸ் ஆட்டம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தேவகோட்டைக்கு அருகில் உள்ள ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். கல்லூரி நாள்களில் ஹாக்கி ஆடியவள். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் லாக்ராஸ் இடம்பெறுகிறது என்ற செய்தி வந்த பிறகு எங்கள் வட்டாரத்தில் சில பள்ளிகள் வலைமட்டைகளும் தலைக்கவசங்களும் வாங்கி, ஆறு பேர் ஆட்டத்தை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியுள்ளன. நானும் ஒரு பயிற்சி முகாமில் நடுவருக்கான பாடங்களைப் படித்தேன். அடுத்த மாதம் எங்கள் மைதானத்தில் வேறு இரண்டு பள்ளிகள் மோதுகின்றன. என்னுடன் நிற்க வேண்டிய இன்னொரு நடுவர் வர இயலாது என்று சொல்லிவிட்டார். பயிற்சி ஆட்டங்களில் தனியாக நின்று பார்த்தேன். பந்தின் பின்னாலேயே ஓடினால் கோல் தெரியவில்லை. கோலருகே நின்றால் நடு மைதானத்தில் மட்டையால் அடித்துக்கொள்வது தெரியவில்லை. தனியாக ஓர் ஆட்டத்தை முறையாக நடத்துவது எப்படி?

பதில்: இரண்டு மூன்று பேர் பங்கிட்டுப் பார்க்க வேண்டிய ஆட்டத்தை ஒருவராக நின்று பார்க்கும்போது எல்லாம் கண்ணில் படாது, அது தங்கள் குறை அன்று. எதைக் கட்டாயம் பார்த்தே தீர வேண்டும், எதைப் பிறர் கையில் ஒப்படைக்கலாம், எதைப் பார்க்க இயலாது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பதை ஆட்டத்துக்கு முந்தைய நாளே பிரித்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். மைதானத்தில் இறங்கிய பிறகு இதைப் பற்றி யோசிக்க நேரம் கிடைக்காது.

இந்த விளையாட்டை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். நுனியில் வலை கட்டிய மட்டையால் பந்தை ஏந்தியும் எறிந்தும் எதிரணியின் கோலுக்குள் செலுத்தும் ஆட்டம் இது. வட அமெரிக்கப் பழங்குடி மக்கள், குறிப்பாக ஹோடனஷோனி மக்கள், வழிபாட்டோடு சேர்த்து ஆடிவந்தது. மான்ட்ரியல் நகரத்துப் பல் மருத்துவரான ஜார்ஜ் பியர்ஸ் 1867-இல் இதற்கு எழுத்து வடிவில் விதிகளை வகுத்தார். 1904, 1908 ஆகிய ஒலிம்பிக்குகளில் பதக்கத்துக்குரிய விளையாட்டாக இருந்து பிறகு விடுபட்டதை, 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, கிரிக்கெட்டோடு சேர்த்து மீண்டும் உள்ளே கொண்டுவந்தது. ஒலிம்பிக்குக்குத் தேர்வானது ஆறு பேர் ஆட்டம்: கோல்கீப்பரையும் சேர்த்து அணிக்கு ஆறு பேர், 70 மீட்டர் நீளமும் 36 மீட்டர் அகலமும் உள்ள மைதானம், எட்டு நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள், பந்தைப் பெற்ற அணி 30 வினாடிக்குள் கோலை நோக்கி அடித்தாக வேண்டும் என்ற கட்டுப்பாடு.

தனி நடுவருக்குச் சிரமம் தருவது இந்த 30 வினாடிதான். பத்துப் பேர் ஆடும் பெரிய ஆட்டத்தில் ஓர் அணி பந்தை வைத்துக்கொண்டு நிதானமாகச் சுற்றிவர இடம் உண்டு. ஆறு பேர் ஆட்டத்திலோ, கோல் விழுந்தவுடன் நடுவில் வந்து தொடங்காமல் கோல்கீப்பரே பந்தை எடுத்து எறிந்துவிடுகிறார். நிமிடத்துக்கு இரண்டு முறை திசை மாறும் ஆட்டத்தில் பந்தைத் துரத்தும் நடுவர் எப்போதும் பதினைந்து மீட்டர் பின்னால்தான் இருப்பார்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. சிராவயல் பொட்டலில் மஞ்சுவிரட்டு பார்த்தவர்களுக்குத் தெரியும், மாட்டின் பின்னால் ஓடுகிறவர் மாட்டைத் தொடுவதில்லை. அது எந்த வழியாக வரும் என்று கணித்து முன்னே நிற்பவர் கைக்குத்தான் திமில் அகப்படுகிறது. கோல்கீப்பர் பந்தைத் தடுத்து முதல் எறி சரியாகப் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்த அந்த நொடியிலேயே, தாங்கள் பக்கக் கோட்டை ஒட்டி எதிர்க் கோலை நோக்கி ஓடத் தொடங்கிவிட வேண்டும். முகம் மட்டும் தோளுக்கு மேலாகப் பந்தைப் பார்த்தபடி இருக்கட்டும். நடு மைதானத்தின் வழியே ஓடினால் எறியும் பந்துக்கும் ஓடும் பிள்ளைகளுக்கும் குறுக்கே விழுவோம். கோலுக்குப் பக்கவாட்டில், கோல் கோட்டை நேராக நீட்டினால் வரும் இடத்திலிருந்து நான்கைந்து மீட்டர் முன்னால், கோல் வாயும் அதைச் சுற்றி வரைந்த வட்டத்தின் விளிம்பும் ஒரே பார்வையில் தெரியும்படி நின்றுகொள்ளுங்கள். நின்ற பிறகு பந்தோடு சேர்ந்து ஆடாதீர்கள், கண் மட்டும் நகரட்டும்.

கட்டாயம் பார்க்க வேண்டியவை இரண்டே. ஒன்று கோல்: 1.83 மீட்டர் உயரமும் அதே அகலமும் உள்ள சட்டத்துக்குள் பந்து முழுவதுமாகக் கோட்டைக் கடந்ததா, அதற்கு முன் அடித்தவர் கால் மூன்று மீட்டர் ஆர வட்டத்துக்குள் பட்டதா என்பது. மற்றொன்று உடல்: தலைக்கும் கழுத்துக்கும் வரும் மட்டை, முதுகுப் பக்கத்திலிருந்து வரும் இடி, இரு கைகளுக்கும் இடைப்பட்ட மட்டைத் தண்டால் தள்ளுவது. இதில் புதியவர்கள் தவறவிடும் ஓர் இடம் உண்டு. பந்து ஒருவர் வலையை விட்டுப் புறப்பட்டதும் நம் கண்ணும் பந்தோடு பறந்துவிடுகிறது. தாமதமாக வரும் அடி எறிந்தவர் மீதுதான் விழுகிறது. ஆகவே பந்து போன பிறகும் அரை வினாடி எறிந்தவரிடமே கண் தங்கட்டும். பந்து எங்கும் போய்விடாது, 36 மீட்டர் அகலத்துக்குள்தான் இருக்கும்.

மற்றவற்றை ஸ்கோர் மேசைக்குக் கொடுத்துவிடுங்கள். சும்மா நிற்கும் மாணவர்களை அங்கே உட்கார வைக்காமல் மூன்று பெரியவர்களைக் கேட்டு வாங்குங்கள்: ஒருவர் நேரத்துக்கும் கோல் கணக்குக்கும், ஒருவர் 30 வினாடிக்கு மட்டும், ஒருவர் ஆள் மாற்றும் வாசலில் உள்ளே எத்தனை பேர், தண்டனையில் எத்தனை பேர் என்று எண்ணுவதற்கு. அவர்கள் கையில் விசில் வேண்டாம். இரண்டு விசில் கேட்டால் பிள்ளைகள் குழம்புவார்கள். பள்ளியின் வெண்கல மணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிடுங்கள், அந்த ஓசை மைதானம் முழுக்கக் கேட்கும், விசிலோடு கலக்காது. எல்லைக் கோட்டில் பந்து எடுத்துத் தரும் பிள்ளைகளிடம், பந்து வெளியேறிய இடத்தில் நின்று கையைத் தூக்க மட்டும் சொல்லுங்கள். யாருடைய பந்து என்று அவர்கள் சொல்லக் கூடாது, அது தங்கள் பொறுப்பு.

ஒருவர் தவறு செய்ததும் மேசைக்கு அறிவிக்க ஓட வேண்டியிருக்கும், அந்த நேரத்தில் தங்கள் முதுகுக்குப் பின்னால்தான் தள்ளுமுள்ளு நடக்கும். அதற்கு ஒரு வழி உண்டு: ஊதியதும் பந்தை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பந்து தங்கள் கையில் இருக்கும்வரை ஆட்டம் தொடங்காது, பதறவும் வேண்டியதில்லை. மைதானத்துக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டாக மேசையை நெருங்கி, நிறம், எண், தவறு, நேரம் என்ற அதே வரிசையில் உரக்கச் சொல்லுங்கள்: "நீலம், ஏழு, மட்டையடி, ஒரு நிமிடம்." பந்து வைத்திருக்கும் அணிக்கு எதிராகத் தவறு நடந்தால், உடனே ஊதாமல் மஞ்சள் துணியை எறிந்துவிட்டு அந்தத் தாக்குதல் முடியும்வரை காத்திருக்கும் முறையும் லாக்ராஸில் உண்டு. அந்தச் சில வினாடிகளில் தவறு செய்தவரின் எண் நினைவிலிருந்து நழுவிவிடும் என்பதால், துணி விழுந்ததிலிருந்து ஊதும்வரை எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருங்கள். யார் கேட்டாலும் பரவாயில்லை.

ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் நடுவில் இருவர் குனிந்து, தரையில் மட்டைகளை முதுகோடு முதுகாக வைத்து, இடையில் உள்ள பந்துக்குப் போட்டியிடுவார்கள். அவர்கள் அசையாமல் நின்ற பிறகு ஊதுவதற்கு எடுக்கும் இடைவெளி ஒவ்வொரு முறையும் மாறட்டும், இல்லையென்றால் இரண்டாவது பகுதிக்குள் நம் தாளத்தைப் பிள்ளைகள் பிடித்துவிடுவார்கள். ஊதியபடியே பின்வாங்குங்கள், அங்கேயே நின்றால் காலில் மட்டை படும்.

இப்போது மைதானம். நான் நடுவராக நின்ற ஒரு பயிற்சி ஆட்டத்தை இன்றும் மறக்க முடியவில்லை. கோலுக்குத் தொண்டியிலிருந்து வாங்கிவந்த மீன் வலையைக் கட்டியிருந்தார்கள். வலை நல்ல வலை, கண்ணும் சிறியது. ஆனால் அடிக்கம்பியில் கட்டிய நைலான் கயிறு ஓரிடத்தில் தளர்ந்து, ஒரு சாண் அகலத்துக்குத் தரையை விட்டுத் தூக்கியிருந்தது. வேகமாக வந்த ஒரு பந்து அந்தப் பக்கம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய் வேலியோரம் கிடந்தது. உள்ளே போய் அடியில் வெளியேறியதா, வெளியிலேயே போனதா என்பது நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. ஓர் அணி முழுக்கக் கையைத் தூக்கிக் கத்தியது, அந்தச் சத்தத்துக்கு நான் கோல் கொடுத்தேன். தோற்ற அணியின் கோல்கீப்பர் ஒன்றும் பேசாமல் போய் அந்தக் கயிற்றைக் குனிந்து பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். ஆட்டம் ஒரு கோல் வித்தியாசத்தில் முடிந்தது. அன்றிலிருந்து ஆட்டத்துக்கு அரை மணி முன்பே போய், இரண்டு வலைகளின் நான்கு ஓரங்களையும் கையால் இழுத்துப் பார்த்து, சந்தேகம் உள்ள இடத்தில் பந்தையே வைத்துத் தள்ளிப் பார்க்கிறேன். பந்தின் குறுக்களவு ஆறரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நான்கு விரல் நுழையும் சந்து இருந்தால் அதுவும் நுழைந்துவிடும். பார்க்காத கோலை எந்தச் சத்தத்துக்கும் கொடுக்க வேண்டாம் என்று தங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

நம் செம்மண் தரைக்கென்று இரண்டு செய்திகள். வெள்ளைப் பந்து கால் மணி நேரத்தில் மண் நிறத்துக்கு வந்துவிடும், ஆகவே ஒவ்வொரு இடைவேளையிலும் ஈரத்துணியால் துடைக்க ஓர் ஆளை வையுங்கள். கோடு போடச் சுண்ணாம்பைக் கொட்டும் பழக்கம் நம் பக்கம் உண்டு, வீடு கட்டிய சுண்ணாம்பு நமக்குப் பெருமைதான். ஆனால் விழுந்து புரளும் பிள்ளைகளின் கண்ணில் நீற்றாத சுண்ணாம்பு பட்டால் பார்வையே கெடும். கோலமாவு போதும். மாலை ஆட்டமானால் மேற்குப் பக்கக் கோட்டை ஒட்டி ஓடுங்கள், வெயில் முதுகில் விழும்.

கடைசியாக, ஆட்டத்துக்கு முன் இரண்டு பயிற்சியாளர்களையும் தலைவர்களையும் ஒன்றாக அழைத்து, "இன்று நான் ஒருத்திதான். கோலையும் பந்தைச் சுற்றியுள்ளவர்களையும் பார்ப்பேன். பந்தில்லாத இடத்தில் நடப்பது சில சமயம் என் கண்ணில் படாது. உங்கள் பிள்ளைகளை அங்கே நீங்கள்தான் அடக்கி வைக்க வேண்டும்" என்று இருவர் காதிலும் ஒரே நேரத்தில் விழும்படி சொல்லிவிடுங்கள். நான் கண்டவரை, இதைக் கேட்ட பயிற்சியாளர்களில் பெரும்பாலோர் மேலும் பொறுப்போடுதான் நடந்துகொண்டார்கள்.

கேள்வி: காரைக்குடியில் உடற்கல்வி படிக்கும் மாணவன். விடுமுறையில் பள்ளி ஆட்டங்களுக்கு நடுவராகப் போகிறேன். போன முறை ஓர் அணியின் பயிற்சியாளர் எனக்கே பள்ளியில் பாடம் எடுத்தவர். அவர் அணிக்கு எதிராக ஊதியதும், "என்ன தம்பி, கண்ணு தெரியலையா?" என்று எல்லார் முன்பும் சத்தம் போட்டார். அதன் பிறகு அவர் பக்கம் ஊதவே கை வரவில்லை. துணைக்கு வேறு நடுவரும் இல்லை. என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: தம்பி, கை வராமல் போனதைச் சொல்ல உங்களுக்கு மனம் வந்ததே நல்ல அறிகுறி. நம் ஊரில் ஆசிரியரை எதிர்த்துப் பேசுவது என்பது லேசான காரியம் அல்ல, அதைப் பேசித் தீர்க்கும் இடமும் மைதானம் அல்ல. ஆட்டத்துக்கு முன்பே தனியாகப் போய், "சார், இன்று நான்தான் நடுவர், அந்த நேரம் மட்டும் உங்கள் மாணவனாக இருக்க முடியாது, பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்று சொல்லி அவர் ஆசியை வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு மறுபக்கப் பயிற்சியாளரையும் அதே "சார்" என்ற சொல்லால், அதே குரலில் அழையுங்கள். ஒருவரை "சார்" என்றும் மற்றவரை "அண்ணே" என்றும் கூப்பிட்டால் தீர்ப்பு எப்படி இருந்தாலும் பார்ப்பவர்கள் உறவு முறையைத்தான் கணக்கிடுவார்கள்.

சத்தம் வந்தால் ஒரே வாக்கியத்தில், கண்டதை மட்டும் சொல்லுங்கள்: "சார், நீலம் ஏழின் மட்டை கழுத்தில் பட்டது." விளக்கம் வேண்டாம். மறுமுறை வந்தால் தலைவன் வழியாகப் பேசச் சொல்லுங்கள். மூன்றாம் முறை ஒழுக்கக் குறைவுக்கான தண்டனையை விதியின்படி கொடுத்துவிடுங்கள். அது உங்கள் ஆசிரியருக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது. கொடுக்காமல் விட்டால் எதிரணிப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம் ஆகும். ஆட்டம் முடிந்த பிறகு அவரைத் தேடிப்போய் வணங்கிவிட்டு வாருங்கள். அதை ஆட்டத்தின் நடுவில் செய்ய வேண்டாம்.

கேள்வி: கண்டனூரிலிருந்து ஒரு தாய். என் மகன் பதினான்கு வயது, லாக்ராஸ் என்று அலைகிறான். போன ஆட்டத்தில் ஒரே ஒரு நடுவர்தான் இருந்தார். ஒரு பிள்ளைக்கு நெஞ்சில் பந்து பட்டு உட்கார்ந்துவிட்டான். நடுவர் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்ததால் ஆட்டம் சிறிது நேரம் நிற்கவே இல்லை. ஒருவரை மட்டும் வைத்து ஆட்டம் நடத்தலாமா?

பதில்: அம்மா, தாங்கள் பயந்தது சரியே. இந்தப் பந்து முழு ரப்பர். எடை 145 கிராம் அளவில், கிரிக்கெட் பந்தைவிடச் சற்றே குறைவு. இதயத்தின் மேல் நேராக, இதயத்துடிப்பின் மிகக் குறுகிய ஒரு கணத்தில் இத்தகைய அடி விழுந்தால், எந்த நோயும் இல்லாத பிள்ளைக்கும் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடக்கூடும். மருத்துவத்தில் இதைக் கொமோஷியோ கார்டிஸ் என்பார்கள். அரிதானதுதான், ஆனால் வளரும் பையன்களிடமே அதிகம் காணப்படுவது. அமெரிக்காவில் ஆண்கள் லாக்ராஸ் ஆடுவோருக்கு இதற்கென்றே தர நிர்ணயம் செய்த மார்புக் கவசத்தைக் கோல்கீப்பர்களுக்கு 2021 முதலும், மற்ற ஆட்டக்காரர்களுக்கு 2022 முதலும் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். நம் பள்ளிகள் மட்டையும் தலைக்கவசமும் வாங்கிவிட்டு மார்புக் கவசத்தை அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதைக் காணும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை. முதலில் வாங்க வேண்டியதே அதுதான்.

ஒரு நடுவர் மட்டும் இருக்கலாமா என்றால், சில ஏற்பாடுகள் இருந்தால் இருக்கலாம். எல்லாப் பிள்ளைகளும் முழுக் கவசத்தோடு இருக்க வேண்டும். நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யத் தெரிந்த ஒருவர் மேசையருகே இருக்க வேண்டும், இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏ.இ.டி. கருவி அருகில் எங்கே உள்ளது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 108-ஐ அழைப்பது யார், மைதானத்துக் கதவைத் திறந்து வைப்பது யார் என்பது முன்பே பேசி முடிந்திருக்க வேண்டும். யாரேனும் விழுந்து எழவில்லை என்றால் நடுவரை எதிர்பார்க்காமல் மேசையில் இருப்பவரே மணியை அடித்து நிறுத்தும் உரிமையும் அவருக்கு வேண்டும். தாங்கள் சொன்ன ஆட்டத்தில் இல்லாமல் போனது இந்தக் கடைசி ஏற்பாடுதான். அடி பட்ட பிள்ளை பேசாமல் சரிந்தால் மூர்ச்சை தெளியட்டும் என்று தண்ணீர் தெளித்துக் காத்திருக்கக் கூடாது, மூச்சில்லை என்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் உயிரின் கணக்கில் போகிறது.

இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஆட்டத்தைத் தள்ளிவைக்கும்படி நடுவர் சொல்ல வேண்டும். நடுவர் தயங்கினால் பெற்றோராகிய தாங்கள் கேளுங்கள்.

கேள்வி: தவறாக ஊதிவிட்டேன் என்று அடுத்த நொடியே தெரிந்துவிட்டால், தனி நடுவர் அதை மாற்றலாமா? மாற்றினால் மதிப்புப் போகாதா? (புதுவயல் வாசகர்)

பதில்: ஆட்டம் மீண்டும் தொடங்கும் முன் என்றால் தயங்காமல் மாற்றுங்கள். பந்து கையில் இருக்கும்போதே இரண்டு தலைவர்களையும் அழைத்து, "நான் எண்ணைத் தவறாகப் பார்த்துவிட்டேன், தண்டனை ஏழுக்கு இல்லை, பதினேழுக்கு" என்று சொல்லி, மேசையிலும் திருத்தச் சொல்லிவிட்டு ஊதுங்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு தெரிந்தால் அதை மனத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதை ஈடுகட்ட மறுபக்கத்துக்கு ஒன்று ஊதிவிடாதீர்கள், பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். இரவில் குறிப்பேட்டில், எந்த நிமிடத்தில், எங்கே நின்றிருந்தேன், எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று மூன்று வரி எழுதுங்கள். எனக்கு வந்த தவறுகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து, கோலுக்கு நேர் பின்னால் நின்றபோது வந்தவை என்பது அந்தக் குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. இப்போது அந்த இடத்தில் நான் நிற்பதே இல்லை.